டிசம்பர் மைல் ஓட்டமும் ஜனவரிக் கால்வீக்கமும்

ஜனவரி இரண்டாம் வாரம். திங்கட்கிழமை காலை நாற்பத்து நாலு வயதுக்காரர் ஒருவர் லேசாக நொண்டியபடி உள்ளே வந்தார். ஓ.எம்.ஆர் சாலையில் மென்பொருள் நிறுவனமொன்றில் டெலிவரி மேனேஜர். ஆறேழு வருடமாக என்னிடம் பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர். இடது கெண்டைக்கால் நாலு நாளாக வலிக்கிறது, ஜிம்மில் சதை பிடித்திருக்கும் என்றார். பேன்ட்டை மடிக்கச் சொல்லி நாடாவால் அளந்தேன். வலது காலைவிட மூன்றரை சென்டிமீட்டர் அதிகம். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

"சமீபத்துல எங்கயாவது தூரமா போனீங்களா சார்?"

"கிறிஸ்துமஸ் முடிஞ்ச வாரக் கடைசில ஒரு ட்ரிப் டாக்டர்."

"எந்த ஊர்?"

அந்தக் கேள்விக்குத்தான் தயங்கினார். ஊர் என்று எதுவும் இல்லை. அடிக்கடி பறக்கிறவர்களுக்கு விமான நிறுவனம் சலுகைகளோடு தரும் தங்க அட்டை அவரிடம் இருந்தது. அதைப் புதுப்பிக்க, பறந்த கணக்கில் சேரும் மைல்கள் கொஞ்சம் குறைந்தன. கணக்கு டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. வெள்ளி இரவு கிளம்பி, நடுவில் ஓர் ஊரில் விமானம் மாறி, ஐரோப்பிய நகரமொன்றில் இறங்கி, விமான நிலையத்துக்குள்ளேயே ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அதே வழியில் திரும்பியிருக்கிறார். நாலு விமானம். இருக்கையில் மட்டும் இருபத்து மூன்று மணி நேரம். சொந்தக் காசு. வீட்டில் ஆபீஸ் வேலை என்று சொல்லியிருக்கிறார்.

டாப்ளர் ஸ்கேனில் முழங்காலுக்குப் பின்னால் ஆழ்சிரையில் இரத்தக் கட்டி தெரிந்தது. அது கிளம்பி நுரையீரலுக்குப் போயிருந்தால் கதையே வேறு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தொடங்கி, குறைந்தது மூன்று மாதம் என்றேன். அவர் அனுமதியோடு, ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதக் காரணம், அவர் ஒருவரல்ல. அட்டையின் நிலையைக் காப்பாற்றுவதற்காகவே பறக்கும் இந்தப் பயணத்துக்கு 'ஸ்டேட்டஸ் ரன்' என்று பெயர். அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டதே நோயாளிகளிடமிருந்துதான். இப்போது டிசம்பர் வந்தாலே இரண்டு மூன்று பேராவது சொல்கிறார்கள்.

விமானத்தில் ஏறினாலே இரத்தம் கட்டிவிடும் என்று பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, நாலு மணி நேரத்துக்கு மேல் நகராமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்றது. ஆனாலும் ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும். பேருந்து, ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அதே ஆய்வு சொன்ன இன்னொரு விஷயம்தான் இங்கே முக்கியம்: பயண நேரம் நீள நீளவும், குறுகிய காலத்துக்குள் பல விமானங்கள் ஏறும்போதும் அபாயம் கூடுகிறது. மைலுக்காகப் போகிற பயணத்தின் இலக்கணமே அதுதான். குறைந்த நாளில் அதிக தூரம், நடுவில் படுத்துத் தூங்க ஓர் இரவு கிடையாது. உடல் பருமன், கருத்தடை மாத்திரை, குடும்பத்தில் யாருக்காவது இரத்தக் கட்டி வந்த வரலாறு, சமீபத்திய அறுவை சிகிச்சை, இவற்றில் ஏதேனும் சேர்ந்தால் கணக்கு இன்னும் மாறும்.

கால்வீக்கம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரியாதவை நிறைய. சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவையொட்டித்தான் கிளம்புகின்றன. சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரம்கூட ஆகாது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கண்ணை மூடினால் விளக்கைப் போட்டுவிடுவார்கள். இறங்கும்போது கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடியிருக்கும். மாதத்துக்கு நாலு இரவு இப்படிப் போகிறவரின் சர்க்கரை அளவை மாத்திரையைக் கூட்டியே சரிசெய்ய முயன்று நானும் தோற்றிருக்கிறேன். ஒருவருக்கு ஒரே வருடத்தில் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் அளவு, 6.8-லிருந்து 8.4 ஆனது. உணவுப் பழக்கத்தைத் துருவித் துருவிக் கேட்டதில், விமான நிலையத்தில் அட்டைக்காரர்கள் காத்திருக்கும் லவுஞ்சில் நடு இரவில் ஒரு முழுச் சாப்பாடு, இரண்டு கிளாஸ் ஒயின், பிறகு விமானத்தில் இன்னொரு சாப்பாடு. "இலவசம்தானே டாக்டர்" என்றார். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலுவலகப் பயணிகளைப் பற்றிச் செய்த ஆய்வுகளிலும், மாதத்தில் 14 இரவோ அதற்கு மேலோ வெளியூரில் தங்குகிறவர்களிடம் உடல் பருமனும் தூக்கக் கோளாறும் மனப் பதற்றமும் மன அழுத்தமும் கூடுதலாகக் காணப்பட்டன.

வேலைக்காகப் போகிறவரைப் போகாதே என்று நான் சொல்ல முடியாது. பிழைப்பு அது. நான் கேட்பதெல்லாம் அட்டைக்காகவே போகிற அந்தக் கூடுதல் பயணத்தைப் பற்றி.

படித்தவர்கள், எக்செல்லில் கோடிக்கணக்கான ரூபாய் பட்ஜெட் போடுகிறவர்கள், ஏன் இதில் மட்டும் தடுமாறுகிறார்கள்? இலக்கு நெருங்க நெருங்க வேகம் கூடுவது உயிர்களின் இயல்பு. உணவை நெருங்கும் எலிகள் கடைசித் தூரத்தை வேகமாக ஓடுவதை உளவியலாளர் கிளார்க் ஹல் 1930-களிலேயே கவனித்தார். பத்து காபி வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அட்டை வைத்திருந்தவர்கள், பத்தாவது முத்திரை நெருங்கும்போது அடிக்கடி காபி வாங்கியதாக 2006-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விமான நிறுவனத்தின் கைப்பேசிச் செயலியில், சேர்ந்த மைலைக் காட்டி முக்கால்வாசி நிறைந்து நிற்கும் அந்தப் பட்டை சும்மா வரையப்பட்டதல்ல.

அதன் மறுபக்கத்தில் இருப்பது பெரிய வியாபாரம். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைலேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது அது வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் உத்தி மட்டுமே. 2020-ல் கொரோனா முடக்கத்தின்போது யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைலேஜ் திட்டத்தையே அடமானம் வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அந்தத் திட்டத்தின் மதிப்பாகக் காட்டப்பட்டது சுமார் 2,200 கோடி டாலர். விதிகளை எழுதுவதும் மாற்றுவதும் அவர்கள் கையில். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் முதல் தூரக் கணக்கைக் கைவிட்டு, செலவழித்த பணத்தை வைத்துப் புள்ளி தரத் தொடங்கியது. தங்க நிலைக்கு 20,000 புள்ளி. நம் ஊரில் இன்னும் கசப்பான அனுபவம். கிங்ஃபிஷர் 2012-லும் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் பறப்பதையே நிறுத்தின. வருடக்கணக்கில் சேர்த்த பிளாட்டினம் நிலையைக் காட்ட ஒரு கவுண்டர்கூட இல்லாமல் போனது.

மூன்றாவது வாரப் பரிசோதனைக்கு அவர் மனைவியோடு வந்தார். அன்று கூட்டம் குறைவு. மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, போன வருடம் அட்டையால் கிடைத்ததை அவரையே எழுதச் சொன்னேன். லவுஞ்ச் பதினோரு முறை. கூடுதல் லக்கேஜ் இரண்டு முறை. பிசினஸ் வகுப்புக்கு அப்கிரேடு ஒரு முறை. மற்றபடி வரிசையில் நிற்காமல் முன்னால் ஏறியது. விமானம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் கிளம்பியது. எதிர்ப்பக்கத்தில், டிசம்பர் டிக்கெட் 74,000 ரூபாய், மருத்துவச் செலவு, பதினாறு வார இறுதிகள். பதினாறு என்பது அவர் எழுதியதல்ல. அவர் ஒன்பது என்றார். மனைவி விரல் விட்டு எண்ணித் திருத்தினார்.

"தீபாவளி அன்னிக்கு லவுஞ்ச்ல இருந்து வீடியோ கால் பண்ணாரு டாக்டர். பின்னாடி பழமா அடுக்கி வெச்சிருந்தாங்க. பாப்பா அதையே பாத்துட்டு, 'அப்பா ஹோட்டல்லயா இருக்காரு'ன்னு கேட்டா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

அட்டையே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. வேலைக்காக எப்படியும் பறக்கிறவருக்குத் தானாக நிலை வந்தால் தாராளமாக அனுபவிக்கட்டும். விமானம் ரத்தாகி ஆயிரம் பேர் கவுண்டரில் முண்டும்போது தனி வரிசை பெரிய உதவி. வயதான அப்பா அம்மாவை அழைத்துப்போகிறவர்களுக்கு, நடுவில் சாய்ந்து உட்கார ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு நிம்மதி என்று எனக்கும் தெரியும். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைலேஜ் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் எலைட் கோல்டு நிலைக்குப் பன்னிரண்டு மாதத்தில் 50,000 எலைட் மைல், அதாவது நிலைக்குக் கணக்காகும் மைல், வேண்டும். சென்னை–சிங்கப்பூர் ஒரு வழி சுமார் 1,800 மைல். முழு மைலும் வரவு வைத்தால்கூட 14 முறை போய்வர வேண்டும். மலிவு டிக்கெட்டுக்கு அந்த முழு மைலும் கிடைக்காது. வருடத்துக்கு நாலு முறை போகிறவர் மீதிப் பத்தை எங்கிருந்து கொண்டுவருவார்? வீட்டிலிருந்துதான். லவுஞ்சில் உட்கார ஆசையா, அன்றைக்கு மட்டும் காசு கட்டி உள்ளே போகலாம். லக்கேஜ் அதிகமா, அதையும் காசுக்கு வாங்கலாம்.

பயணம் தவிர்க்க முடியாதபோது நடைபாதையோர இருக்கையைக் கேளுங்கள். மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே குதிகாலையும் முன்பாதத்தையும் மாற்றி மாற்றித் தூக்குங்கள். தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தவிருங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அல்ல. இன்சுலின் போடுகிறவர்கள் நேர வித்தியாசத்துக்கு ஏற்ப எப்போது, எவ்வளவு என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளாதீர்கள். அழுத்தக் காலுறை தேவையா என்பதையும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும், தவறான அளவு கெடுதல் செய்யும். பயணம் முடிந்த நாலு வாரத்துக்குள் ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஜிம்மில் பிடித்த சதை என்று நாலு நாள் காத்திருக்க வேண்டாம்.

அவருடைய சிகிச்சை ஏப்ரலில் முடிந்தது. அடுத்த டிசம்பரில் மறுபடி மைல் குறைந்தது, அவர் போகவில்லை. அட்டை தங்கத்திலிருந்து வெள்ளி நிலைக்கு இறங்கியது. சென்ற மாதம் பிரஷர் பார்க்க வந்தபோது, குடும்பத்தோடு மலேசியா போய்வந்ததாகச் சொன்னார். செக்-இன் வரிசையில் நாற்பது நிமிஷம் நிற்க வேண்டியிருந்ததாம். பாப்பா முழு நேரமும் பெட்டி மேல் உட்கார்ந்து வந்தாளாம்.

"கால் எப்படி இருந்தது?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். நடுவுல ரெண்டு தடவை எழுந்து நடந்தேன்."

பேன்ட்டை மடிக்கச் சொல்லி, நாடாவை எடுத்து இரண்டு காலையும் அளந்தேன். இரண்டும் ஒரே அளவு.