அக்கி ஏன் பாதி இடுப்போடு நின்றுவிடுகிறது?

"மாமனாருக்கு வலது விலாவில் அக்கி கண்டிருக்கிறது. பாம்பு மாதிரி சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பயப்பட வேண்டாம் அம்மா. தலையும் வாலும் அநேகமாகச் சேரவே சேராது. ஏன் சேராது என்பதுதான் இந்த நோயில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அக்கி வெளியிலிருந்து புதிதாக வந்து ஒட்டிக்கொண்டதல்ல. மாமனாருக்குச் சின்ன வயதில் சின்னம்மை போட்டிருக்கும். வேப்பிலை பரப்பிப் படுக்கவைத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றி, அதோடு எல்லோரும் மறந்திருப்பார்கள். வேரிசெல்லா ஜோஸ்டர் என்ற அந்த வைரஸ் மட்டும் உடம்பை விட்டுப் போகவில்லை. மூச்சு வழியாக நுழைந்து, ரத்தத்தில் பரவி, இரண்டு மூன்று வாரத்தில் கொப்புளமாக வெடிப்பதெல்லாம் பள்ளிப்பாடம். கொப்புளத்துக்கு அடியில் நடப்பதைப் பார்ப்போம்.

தோலில் வலியையும் தொடுகையையும் உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. நுனி தோலில் இருந்தாலும், அந்த நரம்புச் செல்லின் உடல் முதுகெலும்பை ஒட்டிய ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. கால் விரலில் தொடங்கும் இழை கீழ்முதுகில் உள்ள முடிச்சுக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். ஒரே செல்லுக்குள் இத்தனை தூரம் சரக்குப் போய்வரத் தண்டவாளம் மாதிரி நுண்குழல்கள் உண்டு. அவற்றின்மேல் சுமை தூக்கி நடக்கும் புரதங்களும் உண்டு. முடிச்சை நோக்கிப் போவது டைனின், நுனியை நோக்கி வருவது கைனெசின். நரம்பு நுனிக்குள் புகுந்த வைரஸ், டிக்கெட் எடுக்காமல் டைனின்மேல் ஏறி முடிச்சுக்குப் போய் இறங்கிக்கொள்கிறது.

அங்கே தன் டிஎன்ஏவை வளையமாகச் சுருட்டி வைத்துக்கொண்டு படுத்துவிடும். இடத்தேர்வைப் பாருங்கள்: நரம்புச் செல் பிரிவதில்லை, பெரும்பாலும் நம் ஆயுள் முழுக்க இருக்கும். புரதம் எதையும் பெரிதாகத் தயாரிக்காமல் கிடப்பதால் நோயெதிர்ப்புச் செல்களுக்கும் சந்தேகம் வராது. ஐம்பது, அறுபது வருடம் இப்படியே போகும்.

வயதாகும்போது இந்த வைரஸை அடக்கி வைத்திருக்கும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் தளர்கின்றன. ஸ்டீராய்டு, புற்றுநோய் சிகிச்சை போன்றவையும் அவற்றைத் தளர்த்தும். அப்போது ஏதோ ஒரு முடிச்சில் மட்டும் வைரஸ் விழித்துப் பெருகும். நரம்பு வீங்கும். அதனால்தான் தடிப்பு வருவதற்குச் சில நாள் முன்பே எரிச்சலும் குத்தலும் தொடங்குகின்றன. மாரடைப்போ என்று ஈசிஜி எடுத்தவர்கள் உண்டு. அப்புறம் கைனெசின் பிடித்து, வந்த வழியே தோலுக்குத் திரும்பி வரும்.

முதுகுத்தண்டிலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. வலது முடிச்சின் ஆட்சி வலப்பக்கத்தில் ஒரு பட்டை அளவு தோல்தான். மார்பின் நடுக்கோட்டோடு அதன் எல்லை முடிந்தது. இடப்பக்கம் வேறொரு முடிச்சின் நிலம். தலையும் வாலும் சேர வேண்டுமென்றால் அதே மட்டத்தில் இடது முடிச்சும் அதே சமயத்தில் விழிக்க வேண்டும். மிக அபூர்வம். எதிர்ப்புசக்தி அடியோடு குறைந்தவர்களுக்கு அக்கி உடம்பெங்கும் பரவலாம், அது உண்மையிலேயே ஆபத்துதான். ஆனால் அது வளையம் போட்டு வருவதில்லை.

1900இல் லண்டனில் ஹென்றி ஹெட், கேம்ப்பெல் என்ற மருத்துவர்கள் இருவரும் அக்கி கண்டவர்களை வைத்தே எந்த நரம்புக்கு எந்தத் தோல் என்று வரைபடம் போட்டார்கள். வைரஸ் வரைந்து காட்டியதை அவர்கள் படியெடுத்தார்கள் என்றும் சொல்லலாம்.

பழைய சின்னம்மைதான் அக்கியாகத் திரும்புகிறது என்று 1965இல் வாதிட்டவர் ஹோப் சிம்ப்சன், இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரின் சாதாரண மருத்துவர். தன் நோயாளிகளைப் பற்றி 16 ஆண்டுகள் குறிப்பெடுத்தார், ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுக்கூட்டத்தில் உள்ள யெல் தீவுக்கும் போய் விசாரித்தார். சிறிய தீவில் தட்டம்மை தொற்ற ஆளில்லாமல் அழிந்துவிடும். சின்னம்மை அழியாது, தாத்தாவின் அக்கியிலிருந்து பேரனுக்குச் சின்னம்மையாக மறுபடி கிளம்பும். நம் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களிடம் இதைவிடப் பெரிய புதையல் கிடக்கிறது. அதைத் தோண்ட ஒரு உதவியாளரையும் கொஞ்சம் நேரத்தையும் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை, பளபளக்கும் கருவிகளுக்கு மட்டும் நிதி வந்துவிடும்.

சரி, மாமனாருக்கு வருவோம். குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதுவதை நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பூசினால் குளிர்ச்சியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே காயும் புண்ணுக்குக் காவி பெயர் வாங்கிக்கொள்கிறது. ஏசைக்ளோவிர் மாதிரி வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மாத்திரையை, தடிப்பு கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். மருந்தைச் செயல்பட வைப்பது வைரஸின் சொந்த நொதியே என்பதால் மற்றச் செல்களுக்குப் பெரிதாகச் சேதமில்லை. எழுதி முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அந்த மூன்று நாள் போய்விடும். ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு எரியக்கூடும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்டால் அன்றைக்கே கண் மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.

வீட்டில் சின்னம்மை போடாத, தடுப்பூசியும் போடாத குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், கொப்புளம் பொருக்குத் தட்டும்வரை அந்த இடம் துணியால் மூடியே இருக்கட்டும். துண்டையும் தனியாக வையுங்கள்.