காட்டுக் கமரா எதைப் பார்க்கிறது, எதைத் தவறவிடுகிறது

இலங்கையின் தென்கிழக்கிலுள்ள உகந்தையில் முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் குமண தேசியப் பூங்காவுக்குள்ளால்தான் போகிறார்கள். விடியற்காலையில் மணற்பாதையில் சிறுத்தையின் அடி தெரியும், யானை லத்தி கிடக்கும். அந்த வழியால் போன விலங்கைக் கண்ணால் காண்பது அபூர்வம். மீன்பிடிப் பூனையும் துரும்பன் பூனையும் பெரும்பாலும் இரவில்தான் திரிகின்றன. அவை திரிகிற நேரத்தில் ஆய்வாளர் ஒருவர் காட்டுக்குள் உட்கார்ந்திருந்தால், மனித வாடைக்கே விலகிப் போய்விடும். அதனால்தான் மரத்தில் கட்டிவிட்டு வரும் தானியங்கிக் கமராவை நம்புகிறார்கள்.

அந்தப் பெட்டியில் முதலில் விழித்திருப்பது கமரா அல்ல, வெப்ப உணரி. சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளிவிடும். உணரிக்குள் இருக்கும் பளிங்குப் பொருள், தன்மேல் விழும் அந்தக் கதிர் கூடினாலோ குறைந்தாலோ சிறிய மின்னூட்டத்தை உண்டாக்கும். அதில் இரண்டு துண்டுகளை எதிரெதிராக இணைத்திருப்பார்கள். வெயில் ஏறி காட்சி முழுவதும் ஒரே சீராகச் சூடானால் இரண்டின் மின்னூட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு மான் குறுக்கே போனாலோ அதன் சூடு முதலில் ஒரு துண்டிலும் பிறகு மற்றதிலும் விழும். அந்த ஏற்ற இறக்கம்தான் கமராவை எழுப்புகிறது. முன்னால் உள்ள வரிவரியான பிளாஸ்டிக் வில்லை பார்வைப் பரப்பைப் பல பட்டைகளாகப் பிரித்து இதற்கு உதவுகிறது. ஆகவே குறுக்கே நடக்கும் விலங்கு எளிதில் சிக்கும். கமராவை நோக்கி நேராக வரும் விலங்கு தப்பிவிடலாம்.

சரி, விலங்கின் சூடும் பின்னால் உள்ள நிலத்தின் சூடும் ஒன்றாகிவிட்டால்? நம் பக்கத்தில் இது வெறும் கற்பனையல்ல. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டும். வெயில் பட்ட மணலும் பாறையும் அதைவிடச் சூடாக இருக்கும். விலங்கின் ரோமத்து மேற்பரப்புச் சூடு அதற்கு அருகில் வந்துவிட்டால், உணரிக்கு வேறுபாடே தெரியாது. அதே நேரம், காய்ந்து சூடேறிய புல்லைக் காற்று ஆட்டினால் அதற்கெல்லாம் கமரா படம் எடுத்துத் தள்ளும். விலங்கு போயும் படம் இல்லை. விலங்கு இல்லாமலே நூற்றுக்கணக்கில் படம். குமண வில்லு என்ற நீர்நிலையில் வாழும் முதலைகளின் நிலை இன்னும் மோசம். சுற்றுப்புறத்தோடு உடற்சூடும் ஏறி இறங்குவதால், இந்த உணரி அவற்றைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. கமராவில் விழாததால் அந்த விலங்கு அங்கே இல்லை என்று முடிவு கட்டுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இரவில் 940 நானோமீற்றர் அகச்சிவப்பு விளக்குள்ள கமராக்கள் கண்ணுக்குப் புலப்படாமல் படமெடுக்கும். 850 நானோமீற்றர் விளக்கில் மெல்லிய செம்மை தெரியும், ஆனால் வெளிச்சம் கூடத் தூரம் போகும். சிறுத்தைக்கென்றால் ஏறக்குறைய முழங்கால் உயரத்தில், விலங்குப் பாதையின் ஓரமாகக் கட்டுவார்கள். யானைகள் புதுப் பொருளைத் தும்பிக்கையால் இழுத்துப் பார்க்கும் பழக்கமுள்ளவை என்பதால் இரும்புக் கூடு போடுவதும் உண்டு.

பாதையின் ஒரு பக்கம் மட்டும் கமரா வைத்தால் சிறுத்தைக் கணக்கு தடுமாறும். சிறுத்தையின் புள்ளிகள் நம் கைரேகை போல ஒவ்வொன்றுக்கும் வேறு. அதோடு ஒரே சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும்கூட ஒன்றல்ல. இடப்பக்கப் படம் ஒன்றும் வலப்பக்கப் படம் ஒன்றும் தனித்தனியாகக் கிடைத்தால், அது ஒரு விலங்கா இரண்டா என்று சொல்ல முடியாது. அதனால் பாதையின் இரு பக்கமும் ஒரு சோடி கமராவைக் கட்டுகிறார்கள்.

அப்புறம் வருவது கணக்கு. ஒரு பேச்சுக்கு, முதல் சுற்றில் 10 சிறுத்தைகளை அடையாளம் கண்டோம் என்று வைப்போம். இரண்டாவது சுற்றில் 12 சிறுத்தைகள் விழுகின்றன. அவற்றில் 6 ஏற்கெனவே தெரிந்தவை. இரண்டாவது சுற்றில் பாதி பழைய முகங்கள் என்றால், முதலில் கண்ட 10உம் மொத்தத்தில் ஏறக்குறையப் பாதியாக இருக்க வேண்டும். ஆக மொத்தம் சுமார் 20. கண்ணில் படாதவையும் இதில் எண்ணப்பட்டுவிடுகின்றன என்பதுதான் இந்த முறையின் அழகு. இந்தியப் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளைக் காட்டில் புலிகளின் வரிகளை வைத்து இந்த வழியில் கணக்கிட்டு 1995இல் வெளியிட்டார். இன்றைய கணிப்புகள் ஒவ்வொரு விலங்கும் எந்தெந்த இடத்தில் சிக்கியது என்பதையும் சேர்த்துக்கொள்கின்றன.

கரடிக்கும் முள்ளம்பன்றிக்கும் அழுங்குக்கும் இப்படிக் கமராப் படத்தில் எளிதில் பிரித்தறிய உடலில் அடையாளம் கிடையாது. இவற்றுக்குக் கேள்வியையே மாற்றிக் கேட்கிறார்கள்: எத்தனை என்பதை விட்டுவிட்டு, இந்த இடத்தில் இருக்கிறதா இல்லையா என்று. இங்கே விலங்கு சிக்காத இரவுகளுக்கும் மதிப்பு வருகிறது. ஒரு கரடி அந்த இடத்தில் இருந்தும், ஓர் இரவில் கமராவில் சிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான் என்று கொள்வோம். 10 இரவும் அது சிக்காமல் போக நூற்றுக்கு 35 வாய்ப்பு உண்டு. 30 இரவு வைத்திருந்தால் அது நூற்றுக்கு 4 ஆகக் குறையும். அழுங்கு மாதிரி அரிதான விலங்கு ஓர் இரவில் சிக்கும் வாய்ப்பு நூறில் ஒன்றுதான் என்றால், அதே அளவு உறுதியைப் பெற 300 இரவுக்கு மேல் வேண்டும். ஒரே கமராவை மழையிலும் வெயிலிலும் அவ்வளவு நாள் விட்டுவைக்காமல், அந்தப் பகுதிக்குள்ளேயே 10 கமராக்களை ஒரு மாதத்துக்குப் பரப்பிக் கட்டுவது அதனால்தான்.