“எத்தனை பர்சன்ட், டாக்டர்?”

பிள்ளை இறக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கேட்டு, அந்த எண்ணை வைத்தே முடிவெடுக்கிறார்கள். போன வாரம் மறுபடியும் அதே கதை. மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள 7 வயதுப் பையன், நிமோனியா. வேறோர் ஊர் மருத்துவமனையில் ஆக்சிஜனில் இருந்தான். “90 பர்சன்ட் கஷ்டம்” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். இரண்டு நாள் மூச்சுக்குத் தவித்தவனைப் பார்க்கப் பொறுக்காமல் எங்களிடம் கொண்டுவந்தார்கள். பிழைக்கவில்லை. அங்கேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒரு எண்ணைக் கேட்டு எடுக்கிற முடிவா இது?

அந்த எண் எங்கிருந்து வருகிறது? குழந்தைகள் ஐ.சி.யூ.வில் பிம்-3 என்று ஒரு கணக்கு உண்டு. 2013-இல் வெளியானது, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், அயர்லாந்தில் ஐ.சி.யூ.வில் சேர்ந்த 50,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் போட்டது. முதல் ஒரு மணி நேரத்து ரத்த அழுத்தம், ஆக்சிஜன், கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, வென்டிலேட்டர் வைத்தோமா என்று சிலவற்றைப் போட்டால், இறக்கும் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று ஒரு எண் வரும். எங்கள் யூனிட்டில் எதிர்பார்த்ததைவிட அதிகக் குழந்தைகள் இறக்கிறார்களா என்று எங்களை நாங்களே சோதித்துக்கொள்ள வந்த கணக்கு அது. உங்கள் பிள்ளைக்கு நாள் குறிக்க வந்ததல்ல.

10 சதவீதம் என்றால் என்ன? இதே நிலையில் வந்த 100 குழந்தைகளில் சுமார் 10 பேர் இறந்தார்கள், 90 பேர் வீடு திரும்பினார்கள். உங்கள் பிள்ளை அந்தப் பத்தில் ஒருவனா, தொண்ணூறில் ஒருவனா என்று கணக்குக்குத் தெரியாது. எனக்கும் முதல் நாள் தெரியாது. 10 என்றதும் நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களையும் பார்க்கிறேன், 60 என்றதும் சொந்தக்காரர்களுக்குப் போன் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டும் தவறு.

நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளிடம் இந்தக் கணக்கு இன்னும் தடுமாறும். ரத்தப் புற்றுநோய், கல்லீரல் செயலிழப்பு என்று சிலவற்றை மட்டும் கேட்கும். மூளை முடக்குவாதத்துக்கு அதில் தனி இடமே இல்லை. இருமிச் சளியைத் துப்புவானா, எடை குறைந்துகொண்டே வருகிறதா, இது எத்தனையாவது நிமோனியா, எதுவும் அதற்குத் தெரியாது. முதல் நாள் தெளிவாக இருந்து, இரண்டாவது வாரம் புதுத் தொற்றில் சரிகிறவர்களும் இந்தக் குழந்தைகள்தான்.

அதனால்தான் அம்மாவிடம் அத்தனை கேள்வி கேட்கிறோம். எரிச்சல்படாதீர்கள். பழைய ஃபைலை எடுத்து வாருங்கள். மருந்துச் சீட்டைப் போனில் படம் பிடித்து வையுங்கள். நீலம் பாயும் இதய நோய் என்றால் வழக்கமாக ஆக்சிஜன் எவ்வளவு இருக்கும் என்று எழுதி வையுங்கள். சில பிள்ளைகளுக்கு 80 சதவீதம்தான் இயல்பு. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு, காய்ச்சல் வந்ததென்று அதை நீங்களாக நிறுத்தவே கூடாது. வலிப்பு மாத்திரையும் அப்படித்தான். வருடா வருடம் ஃப்ளூ ஊசி, அப்புறம் நிமோனியா ஊசி, தயவுசெய்து போட்டுவிடுங்கள்.

இளம் டாக்டர்களே, போன் ஆப்பில் வந்த எண்ணை அப்படியே வாசித்துவிட்டு நகராதீர்கள். நாளைக் காலைக்குள் எதைக் கவனிக்கப் போகிறீர்கள், எது நல்ல அறிகுறி, எது கெட்டது என்று சொல்லுங்கள்.

சில குழந்தைகளுக்கு இனி குழாய்கள் வேண்டாம் என்று பெற்றோர் முடிவெடுப்பது தவறே இல்லை. ஆனால் அதை எங்களோடு உட்கார்ந்து பேசி எடுங்கள், வாசலில் வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு அல்ல. அப்படிப் போகும் பிள்ளைக்கு மூச்சுத்திணறல் தெரியாமலிருக்க மருந்து இருக்கிறது. அந்தப் பையனுக்கு வீட்டில் அந்த இரண்டு நாளும் அதைக் கொடுக்க ஆளில்லை.