சூளாமணி விகாரத்தைத் திரையில் எழுப்பும் முன்

நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளியான சூளாமணி விகாரத்தைக் கணினியில் முப்பரிமாணத்தில் எழுப்பக் கிளம்புகிறவர்கள் பலரும் முதலில் கையில் எடுப்பது ஒரே ஓவியத்தைத்தான். நாகையில் நின்ற, சீனக் கோபுரம், புதுவெளிக் கோபுரம் என்றெல்லாம் அழைக்கப்பட்ட செங்கல் கோபுரத்தின் ஓவியம் அது. 1846-இல் அந்தக் கோபுரத்தை நேரில் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் விவரித்திருக்கிறார்: நாற்சதுரம், மூன்று நிலை, சாந்து இல்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கல், பக்கத்துக்கொரு திறப்பு, மேலே கூரை இல்லை. 1867-இல் அரசின் அனுமதியோடு அது இடிக்கப்பட்டது.

தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது. கடல்கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் கட்டிய விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானமாக அளித்தது 1006 வாக்கில். 1349-இல் எழுதிய சீனப் பயணி வாங் தாயுவானோ, 1267-இல் கட்டி முடித்ததாகச் சீன எழுத்து பொறித்த செங்கல் கோபுரம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். ஆய்வாளர் பலர் அதையும் நாகைக் கோபுரத்தையும் ஒன்றாகவே கொள்கிறார்கள். அது சரியென்றால் அந்தத் தானத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே சுமார் 260 ஆண்டு. ராஜராஜன் காலக் காட்சியில் அந்தக் கோபுரத்தை நிறுத்துவது வரலாற்றைக் குழப்புவதாகும்.

ஆகவே வேலை தொடங்குமுன் எந்த ஆண்டு என்று முடிவுசெய்யுங்கள். கோப்பின் பெயரிலேயே ஆண்டு இருக்கட்டும். 1006-க்கு முதன்மைச் சான்று ஆனைமங்கலச் செப்பேடு, 21 ஏடுகள். விகாரத்தின் உயரம் பொன்மலையையும் சிறிதாக்கியது என்கிறது அதன் வடமொழிப் பகுதி. அது புகழ்ச்சி, அளவு அல்ல. அதை வைத்து நிலைகளை எண்ண முடியாது. 1090-ஆம் ஆண்டின் சிறிய செப்பேடு ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திரசோழப் பெரும்பள்ளி என இரண்டு பௌத்தப் பள்ளிகளைச் சொல்கிறது. ஆக, அந்த ஆண்டுக்கான காட்சியில் ஒரே கட்டடம் நின்றால் அதுவும் பிழை. கோபுரம் 1267-க்குப் பிந்தைய அடுக்கில்தான் வரவேண்டும்.

ஓவியத்திலிருந்து உயரம் கணக்கிடுவதும் எச்சரிக்கையாகச் செய்யவேண்டியது. கோபுரம் வாசலைப்போல் பத்து மடங்கு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலை 1.8 மீட்டர் என்றால் கோபுரம் 18 மீட்டர், 2.1 என்றால் 21. இரண்டையும் பதிவுசெய்து, எதை ஏன் எடுத்தோம் என்று எழுதிவையுங்கள். எலியட் கண்டது சிதைந்த நிலை. உச்சியை உங்கள் விருப்பப்படி முடித்தால், பார்ப்பவர் அதையும் சான்றாகவே எடுத்துக்கொள்வார். சான்றுள்ள பகுதிக்குச் செங்கல் நிறம், ஒப்புமையால் வைத்ததற்குச் சாம்பல் நிறம், வெறும் ஊகத்துக்குக் கோடு மட்டும் என மூன்று நிலை போதும். இந்த நிறப் பார்வைக்கான பொத்தானை மெனுவில் ஒளிக்காமல் முகப்பிலேயே வையுங்கள்.

1856 தொடங்கி இங்கே கிடைத்த பௌத்தப் படிமங்கள் ஏறத்தாழ 350. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பல உள்ளன. ஒரு படிமத்தைப் புகைப்படங்களிலிருந்து முப்பரிமாணமாகப் பதிவுசெய்ய மூன்று உயரங்களில், 10 பாகைக்கு ஒன்றாக 108 படங்கள் எடுக்கவேண்டும். அளவுகோல் கூடவே இருக்கவேண்டும். வெண்கலத்தின் பளபளப்பு மென்பொருளை ஏமாற்றி மேற்பரப்பில் பள்ளம் காட்டும். விளக்கு, லென்ஸ் இரண்டிலும் போலரைசர் என்ற ஒளிவடிகட்டியை ஒன்றுக்கொன்று குறுக்காக மாட்டினால் அது அடங்கும். ஆனால் இந்தப் படிமங்களில் பெரும்பாலானவை கையில் எடுத்துச்செல்லும் அளவு சிறியவை. ஒன்றைப் பெரிதாக்கிக் கருவறை மூலவராக உட்கார்த்துவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

நிலத்தடியைத் தேட ரேடார் கொண்டுவருவோர் கவனிக்க: கடலோரத்து உப்பு ஈரத்தில் அலை சீக்கிரமே மங்கிவிடும். மின்தடை அளவீட்டையும் சேர்த்துத் திட்டமிடுவது நல்லது.

அந்த இடத்திலேயே கைபேசிக் கேமரா வழியாகக் கோபுரத்தைக் காட்டுவதானால், பார்வையாளரின் கைபேசியில் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். கோபுரம் சாலைமேல் மிதக்கும். நிற்கும் இடத்தைத் தரையில் குறித்து, அங்குள்ள நிலையான கட்டட முனை ஒன்றைக் கேமரா அடையாளம் காணும்படி செய்யுங்கள். செங்கல்லை ஒவ்வொன்றாக வடிக்காமல் மேற்பரப்புப் படமாகப் போர்த்தினால் சாதாரண போனும் திணறாது. உச்சி வெயிலில் திரை தெரியாது என்பதால், அந்த இடம் மர நிழலில் அமையட்டும்.