சீருடையைக் கழற்றும் முன்பே தொடங்க வேண்டிய வேலை

கொழும்பில் தனியார் நிறுவனங்களுக்கு ஆட்களைத் தெரிவு செய்து கொடுக்கும் பணியில் இருப்பதால், முப்படைகளிலிருந்து ஓய்வுபெற்றவர்களின் விண்ணப்பங்கள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. தொழில் அனுபவம் என்ற பகுதியில் பலரும் எழுதுவது ஒரே வரிதான்: "இலங்கை இராணுவம், 22 ஆண்டுகள்". நேரில் அழைத்து விசாரித்தால்தான், அவர் கனரக வாகன எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியவர் என்பதோ, பல நூறு பேருக்கான உணவுப் பொருட்களைக் களஞ்சியத்தில் கணக்குப் பிசகாமல் பராமரித்தவர் என்பதோ தெரியவருகிறது. நேர்முகத் தேர்வுக்கு முன்பே விண்ணப்பங்களை வடிகட்டும் மனிதவள அதிகாரிக்கு அந்த ஒற்றை வரியிலிருந்து காவலாளி வேலையைத் தவிர வேறு எதுவும் தோன்றுவதில்லை.

சிப்பாய் தரத்தில் உள்ளவர்கள் 22 ஆண்டுச் சேவையின் பின்னரும், அதிகாரிகள் 20 ஆண்டுகளின் பின்னரும் ஓய்வூதியத்துக்கு உரித்துடையவர்களாகின்றனர். 19 வயதில் இணைந்த சிப்பாய் ஒருவருக்கு அப்போது வயது 41 தான். மூத்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குக்கூடத் தோற்றியிருக்காது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக உயர்த்தியிருப்பதால், அவருக்கு முன்னால் இன்னும் 19 ஆண்டு கால உழைப்பு இருக்கிறது. இராணுவத்தின் ஆளணியை 2030இற்குள் ஒரு இலட்சமாகக் குறைப்பதாக அரசாங்கம் 2023 ஜனவரியில் அறிவித்ததையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வயதில் வேலை தேடி வருவோரின் தொகை குறையப்போவதில்லை.

சேவையில் இருக்கும்போதே, கடைசி இரண்டு ஆண்டுகளுக்குள், கையில் உள்ள திறமைக்கு வெளியுலகம் ஏற்கும் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பதே நான் அனைவரிடமும் வற்புறுத்திச் சொல்வது. என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைப் பெறப் புதிதாகப் பாடநெறி படித்தாக வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ், செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் அந்த வேலையைச் செய்துகாட்டி அதைப் பெற முடியும். ராஜகிரியவில் உள்ள தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை இந்த மதிப்பீட்டை நடத்துகிறது. வெல்டிங், மின்னிணைப்பு, வாகனத் திருத்தம், சமையல் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. ஆனால் எந்தப் பிரிவில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன வேலை செய்தீர்கள் என்பதை உறுதிப்படுத்தும் கடிதம் வேண்டும். முகாமில் இருக்கும்வரை அது பொறுப்பதிகாரியின் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்தபின் அதற்காக அலைபவர்களின் சிரமத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

தமிழ் பேசும் படையினருக்கு இன்னொரு பலமும் உண்டு. கொம்பனித்தெருவின் மலாய்க் குடும்பங்களிலிருந்து படைக்குச் சென்றவர்களும், 2012இல் கிளிநொச்சியில் இணைந்த தமிழ்ப் பெண்களும் சிங்களத்திலேயே அன்றாடம் பணியாற்றியவர்கள். இரு மொழிகளிலும் வாடிக்கையாளருடன் பேசி, அறிக்கையும் எழுதக்கூடிய மேற்பார்வையாளரைக் கொழும்பு நிறுவனங்கள் தேடிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே இந்தத் தேர்ச்சியை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

மொத்தமாகக் கையில் கிடைக்கும் பணிக்கொடையை நினைத்து எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. அதை நம்பித்தான் தரகர்கள் வருகிறார்கள். அதிக சம்பளமும் குடியுரிமையும் கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பி ரஷ்ய, உக்ரைன் போர்முனைகளுக்குச் சென்ற ஓய்வுபெற்ற படையினரில் குறைந்தது 16 பேர் உயிரிழந்ததாக 2024 மே மாதத்தில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் தெரிவித்தார். போர்முனையில் சண்டை இல்லை, உதவி வேலைதான் என்று சொல்லியே பலர் அழைத்துச் செல்லப்பட்டார்கள். வெளிநாட்டு வேலை என்று யார் வந்து சொன்னாலும், பணத்தையோ கடவுச்சீட்டையோ கொடுப்பதற்கு முன், அந்த முகவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகிறதா என்று பத்தரமுல்லையிலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேளுங்கள். 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலே போதும்.

உள்ளூரில் வேலை கிடைத்தாலும் நியமனக் கடிதத்தைக் கவனமாக வாசிக்க வேண்டும். "உங்களுக்குத்தான் ஓய்வூதியம் வருகிறதே" என்று சொல்லி ஊழியர் சேமலாப நிதியைத் தவிர்க்கப் பார்க்கும் முதலாளிமார் இருக்கிறார்கள். ஓய்வூதியம் பெறுவதைக் காரணம் காட்டி அந்தப் பங்களிப்பை மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. உங்கள் சம்பளத்தில் 8 வீதமும், தொழில் வழங்குநரின் 12 வீதமும் சேமலாப நிதிக்குச் செல்ல வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 வீதம் முழுவதும் அவருடைய பொறுப்பு. முதல் மாதச் சம்பளச் சிட்டையிலேயே உங்கள் அங்கத்துவ இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.