ஆலய இணையதளத்தின் அடிப்பகுதியில் என்ன இருக்க வேண்டும்?

கிறிஸ்தவ ஆலயங்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுக்கும் பணியில், சபைக் குழுவினரோடு அமர்ந்து பேசும் நேரத்தில் பெரும்பகுதி முகப்புப் படத்திலேயே கழிந்துவிடும். கோபுரத்தை எந்தக் கோணத்தில் காட்டுவது, எந்த வசனத்தை மேலே போடுவது என்று பேசி முடிக்கும்போது பக்கத்தின் அடிப்பகுதிக்கு, அதாவது ஃபுட்டருக்கு, ஐந்து நிமிடம்கூட மிஞ்சாது. "அதை நீங்களே பார்த்துப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லி எழுந்துவிடுவார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சபை தன் ஞாயிறு ஆராதனையை ஒன்பதரை மணியிலிருந்து எட்டரைக்கு மாற்றியது. அலுவலகத்தில் இருந்தவர் முகப்பில் அந்த அறிவிப்பை உடனே ஏற்றிவிட்டார். ஆனால் ஃபுட்டரில் இருந்த நேரம், அழகான எழுத்துருவில் நான் வரைந்து கொடுத்த ஒரு படத்துக்குள் இருந்தது. அதை மாற்ற அவரால் முடியவில்லை, மாற்றித் தரும்படி என்னிடம் கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம் ஒன்பது இருபத்தைந்துக்கு வந்து சேர்ந்தபோது உள்ளே ஆராதனையை முடிக்கும் ஆசீர்வாதம் கூறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகப்பைப் பார்க்கவே இல்லை. தேடுபொறி வழியாக நேரே உட்பக்கம் ஒன்றுக்கு வந்து, கீழே இருந்த நேரத்தைப் படித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். தவறு என்னுடையது.

அந்தக் குடும்பம் வந்த வழியில்தான் பலரும் வருகிறார்கள். முகப்பில் உள்ள அறிவிப்பு முகப்பில் மட்டுமே தெரியும். ஃபுட்டர் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். சபையாருக்கு ஆராதனை நேரம் மனப்பாடம் என்பதால் அவர்கள் அங்கே தேட மாட்டார்கள். பக்கத்தின் அடிவரை விரலால் தள்ளிக்கொண்டு வருபவர் பெரும்பாலும் வெளியாள்: வேறு ஊரிலிருந்து வந்தவர், திருமணத்துக்கு அழைக்கப்பட்டவர், வீட்டில் ஒரு மரணம் நேர்ந்து யாரை அழைப்பது என்று தெரியாமல் எண்ணைத் தேடுபவர். இவர்களை மனத்தில் வைத்து எழுதினால் எதை முதலில் வைப்பது என்ற கேள்வி எளிதாகிவிடும். வழக்கமான வாராந்தர ஆராதனை நேரம், முகவரி, தொலைபேசி எண் ஆகிய மூன்றும் எழுத்தாகவே, படமாக அல்லாமல், முதலில் நிற்க வேண்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. படத்தில் உள்ளதைச் சொல்லும் மாற்று உரையை அதோடு சேர்த்துக் கொடுத்தாலும், நேரம் மாறும்போது அதையும் தனியாக மாற்ற வேண்டியிருக்கும்.

நேரத்தை எழுதும் முறையிலும் வெளியாளை மறந்துவிடுகிறோம். "இரண்டாம் ஆராதனை – 8.30" என்பது உள்ளே இருப்பவருக்கு முழுத் தகவல், வெளியாளுக்கு அது எந்தக் கிழமை, எந்த மொழி என்பதே தெரியாது. "ஞாயிறு காலை 8.30, தமிழ் ஆராதனை" என்று எழுதினால் போதும். பண்டிகைக் கால நேரங்களை ஃபுட்டருக்குள் கொண்டுவராதிருப்பது நல்லது. மேற்கத்திய மரபில் உயிர்த்தெழுதல் ஞாயிறு மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் வரலாம். அதனோடு சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஆண்டுதோறும் நகர்கின்றன. நகரும் நாட்களை நிலையான இடத்தில் எழுதிவைத்தால், சென்ற ஆண்டின் பெரிய வெள்ளி அடுத்த கிறிஸ்துமஸ் வரை அங்கேயே தங்கிவிடும். அவற்றுக்கு "இந்த மாத ஆராதனைகள்" என்று ஒரு பக்கமும், ஃபுட்டரிலிருந்து அதற்கு ஓர் இணைப்பும் போதுமானவை.

வரைபடத்தை ஃபுட்டருக்குள்ளேயே பதித்துத் தரும்படி பலர் கேட்பார்கள். ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் அந்த வரைபடத்துக்கான நிரல்களும் சேர்ந்து இறங்குவதால், இணைய வேகம் குறைந்த கைபேசியில் பக்கமே தாமதமாகும். முகவரியைத் தொட்டால் கைபேசியின் வரைபடச் செயலி திறக்கும்படி இணைப்புக் கொடுப்பது இலகுவானது. வழி தேடுபவருக்கும் அதுவே உதவும். தொலைபேசி எண்ணையும் அப்படியே தொட்டவுடன் அழைக்கும் இணைப்பாக, நாட்டுக் குறியீட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரி போதகரின் சொந்த முகவரியாக இல்லாமல் அலுவலகத்தின் பெயரில் இருக்கட்டும், ஏனெனில் போதகர்கள் மாற்றலாகிப் போவார்கள், ஃபுட்டர் அங்கேயே இருக்கும்.

தோற்றத்தைப் பொறுத்தவரை, கரும்பின்னணியில் சாம்பல் நிறப் பொடியெழுத்து என்ற வழக்கத்தை விட்டுவிடலாம். இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற நிற வேறுபாட்டைக் கேட்கின்றன. 2023 அக்டோபரில் வெளியான அவற்றின் 2.2ஆம் பதிப்பு, தொடும் இடங்கள் 24 பிக்சல் நீள அகலத்துக்குக் குறையாமலோ, குறைந்தால் போதிய இடைவெளியோடோ இருக்க வேண்டும் என்கிறது. தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கில எழுத்து 12 பிக்சலில் தப்பித்துக்கொள்ளும். தமிழில் அந்த அளவில் 'மு'வும் 'ழு'வும் ஒன்றுபோலத் தெரியும், மேலே வளையும் 'கீ'யின் சுழி முந்தின வரியைத் தொடும். ஃபுட்டரிலும் 16 பிக்சலுக்குக் குறையாமலும், வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட்டும் எழுதுவதே என் வழக்கம்.

சமூக ஊடகச் சின்னங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும் கணக்குகளை மட்டும் வையுங்கள். கூகுள் பிளஸின் பொதுப் பயன்பாடு 2019 ஏப்ரலில் மூடப்பட்ட பிறகும் அதன் சிவப்புச் சின்னத்தை ஆலயத் தளங்களில் நெடுங்காலம் கண்டிருக்கிறேன். காணிக்கைக்கு ஓர் இணைப்பு இருப்பதில் தவறில்லை, ஆனால் அது ஆராதனை நேரத்தைவிடப் பெரிய பொத்தானாக இருக்கும்போது முதன்முறை வருபவர் என்ன நினைப்பார் என்பதைக் குழுவினரிடம் நான் வெளிப்படையாகவே கேட்டுவிடுவேன். தளத்தில் ஜெப விண்ணப்பப் படிவம் இருந்தால், தனியுரிமைக் கொள்கைக்கான இணைப்பையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். நோய், குடும்பச் சிக்கல் என்று பிறரிடம் சொல்லத் தயங்குவதை மக்கள் அதில் எழுதுகிறார்கள். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் மத நம்பிக்கையையும் உடல்நலத்தையும் தனிப் பாதுகாப்புத் தேவைப்படும் தகவல்களாகவே வகைப்படுத்தியுள்ளன.

பதிப்புரிமை ஆண்டைத் தானாக மாறும்படி அமைப்பது இப்போது எல்லோரும் செய்வதுதான். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. நான்கு ஆண்டுகளாக யாரும் தொடாத தளமும் புத்தாண்டு அன்று தன்னைப் புதிதாகக் காட்டிக்கொள்ளும்; படிப்பவர் அந்த ஆண்டைப் பார்த்துவிட்டு, மேலே இருக்கும் பழைய நேரத்தையும் நம்பிவிடுவார். அதற்குப் பதிலாக "ஆராதனை நேரம் சரிபார்க்கப்பட்ட நாள்" என்று ஒரு வரியைக் கையால் எழுதும்படி இப்போது அமைத்துத் தருகிறேன். எல்லாப் பக்கங்களின் ஃபுட்டரும் ஒரே வார்ப்பிலிருந்து, அதாவது டெம்ப்ளேட்டிலிருந்து, வருவதால், அலுவலகத்தில் ஒருவர் ஓர் இடத்தில் மாற்றினால் போதும். வரைபடச் சேவையில் உள்ள ஆலயப் பதிவிலும் அன்றே அதே நேரத்தை எழுத வேண்டும் என்று ஒப்படைப்புத் தாளில் குறித்துக் கொடுக்கிறேன்.

ஒப்படைக்கும் முன் குழுவினர் எதிரிலேயே என் கைபேசியில் ஏதாவது ஓர் உட்பக்கத்தைத் திறந்து, கீழே தள்ளிச் சென்று, எண்ணைத் தொட்டு அழைப்பேன். மேலே சொன்ன சபையின் தளத்தைத் திருத்தியபோது முதன்முதலாக அப்படி அழைத்துப் பார்த்தேன். மணி அலுவலகத்தில் அடிக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் பொறுப்பிலிருந்து விலகிய முன்னாள் செயலரின் வீட்டில் அடித்தது. அவர் மிகவும் அன்பாகப் பேசி, ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வந்துவிடும்படி என்னை அழைத்தார்.