ஆர்கான் வால்வு: எப்போது திறப்பது, எப்போது அடக்குவது

உருகிய உருக்கைத் தாங்கும் பெரிய வாளியான லேடிலில் ஆர்கான் பர்ஜிங் (அடியிலிருந்து ஆர்கான் வாயுவைக் குமிழியாக விட்டுக் கலக்குவது) ஓடும்போது மேலே தளதளவென்று கொதித்தால்தான் பலருக்குத் திருப்தி. புதுச்சேரி வட்டாரத்தில் நான் ஆலோசனைக்குப் போகிற உருக்காலைகளிலும் இதே கதைதான். "நல்லா புரட்டுது சார்" என்பார்கள். புரட்டுவது நல்லதா என்பது எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்தது.

உருக்கின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 7 மடங்கு, மேலே மிதக்கும் கசடு சுமார் 3 மடங்கு. இரண்டும் தானாகக் கலக்காது. அடியில் போரஸ் பிளக் (நுண்துளைகள் உள்ள அடைப்பான்) வழியாக நுழையும் ஆர்கான் 1600 டிகிரி சூட்டில் ஏறத்தாழ 6 மடங்கு விரிகிறது. 3 மீட்டர் ஆழமுள்ள லேடிலில் குமிழி மேலே வர வர அழுத்தம் குறைந்து, இன்னும் கிட்டத்தட்ட 3 மடங்கு பெருக்கிறது. அந்த வேகத்தில் ஏறும் உருக்கு, கசடைக் கிழித்துத் துளிகளாக்கி உள்ளே இழுக்கிறது. தொடும் பரப்பு கூடுவதால் கசடில் உள்ள சுண்ணாம்பு சல்ஃபரை வேகமாகப் பிடிக்கும். ஆகவே சல்ஃபரைக் குறைக்கும்போது தாராளமாகத் திறங்கள். ஆனால் உருக்கில் ஆக்சிஜன் குறைந்திருக்க வேண்டும், கசடில் இரும்பு ஆக்சைடு குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு புரட்டினாலும் சல்ஃபர் அசையாது.

அந்த வேலை முடிந்தபிறகும் அதே வேகத்தில் விடுவதுதான் நம் ஊர் வழக்கம். கசடு விலகித் தெரிகிற பளபளப்பான கண் பெரிதாக இருந்தால், அங்கே உருக்கு நேரடியாகக் காற்றைக் குடிக்கிறது. ஆக்சிஜனும் நைட்ரஜனும் ஏறும். உள்ளே போன நுண்துளிகள் மிதந்து வர நேரம் கிடைக்காமல் வார்த்தெடுக்கும் பில்லட் கட்டைக்குள்ளேயே தங்கிவிடும். அலுமினியம் போட்ட ஹீட் (ஒரு தடவை உருக்கி எடுக்கும் உருக்கு) என்றால் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) உண்டாகி, உருக்கு வெளியே ஓடும் துவாரமான நாசிலை அடைக்கும். அப்புறம் நாசில் கொடுத்தவரைத் திட்டுவோம். கடைசி சில நிமிடங்களுக்குக் கண் திறந்தும் திறக்காமலும், கசடு லேசாகத் துடித்தால் போதும்.

ஆர்கான் ஓட்டத்தைக் காட்டும் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஹோஸ் இணைப்பில் கசிந்தாலும் மீட்டர் ஓட்டம் காட்டும். கசிந்த ஆர்கான் காற்றைவிடக் கனமானது, வாசனை இல்லாதது. லேடில் பிட் எனும் பள்ளத்தில் தேங்கி, ஆக்சிஜனை விரட்டிவிட்டு நிற்கும். ஆக்சிஜன் மீட்டர் வைத்துப் பார்க்காமல் யாரையும் கீழே இறக்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பயம் பிளக் அடைத்துக்கொள்ளும்போதுதான். ஆபரேட்டர் பொறுமையிழந்து பைபாஸை (வழக்கமான வால்வைச் சுற்றிப் போகும் குழாய் வழி) முழுக்கத் திறப்பார். மேலே ஆக்சைடு நிறைந்த கசடு, கீழே கார்பன் உள்ள உருக்கு, இரண்டும் அதுவரை அமைதியாகத் தனித்தனியே நின்றிருக்கும். பிளக் திடீரென்று திறந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் மோதி, கார்பன் மோனாக்சைடு பொங்கி, கசடு விளிம்பைத் தாண்டிக் கொட்டும். அழுத்தத்தைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் மேடையில் யாரும் நிற்கக்கூடாது. சாம்பிள் எடுப்பவரும் சேர்த்துத்தான்.

கடலோரத்தில் இருக்கிற நமக்கு இன்னொன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்துப்போட்ட சுண்ணாம்பு மூட்டை ஈரம் குடித்து நீறிப்போகும். அதைப் போட்டுப் பலமாகப் புரட்டினால் ஹைட்ரஜன் உருக்குக்குள் போகும், மேலே தெறிக்கவும் செய்யும். கட்டியாக இல்லாமல் பொடியாக உதிர்கிற மூட்டையை லேடில் பக்கமே கொண்டுவராதீர்கள்.